கோல் நாட்டுக்காரி ‘அரசே’ என்று சொல்லாத கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திட்டு வாங்கிக் கண்டுபிடித்தேன்.

டெல்லி மெட்ரோவில், நேரு பிளேஸ் தாண்டி, உட்கார இடம் கிடைக்காத கடுப்பில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், விழுப்புரம் பக்கத்துத் தமிழில், “வரேன்னு சொன்னேன்ல!” என்று அதட்டியது. நான் யாரையும் கூப்பிடவில்லை. இருந்தாலும் ஐம்பத்து மூன்று வயது ஆணுக்கு அந்தத் தொனியைக் கேட்டதும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் தோன்றும். திரும்பினேன்.

பெண் யாருமில்லை. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒருவர் மொபைலில் விளையாடிக்கொண்டிருந்தார். சத்தம் முழுசாக வைத்திருந்தார். டெல்லி மெட்ரோவில் இயர்போன் என்பது கோழைகள் மாட்டிக்கொள்வது. திரையில் மரமும் கல்லும் அடுக்கிய ஒரு மதில், கூரை வீடுகள், மஞ்சள் பின்னலோடு கோடாலி பிடித்த ஒருத்தி. அவர் அவளை விரலால் தொட்டார். “ஆங்” என்றாள். மறுபடி தொட்டார். “வரேன்” என்றாள். மூன்றாவது தடவை தொட்டதும் எனக்கு விழுந்த அதே திட்டு அவருக்கும் விழுந்தது. ஆனந்தமாகச் சிரித்தார்.

“தமிழ் தெரியுமா ஜி?” என்று இந்தியில் கேட்டேன்.

“ஒரு எழுத்து தெரியாது. பாஷை எப்படியோ தப்பா செட் ஆயிடுச்சு. ஆனா இந்த ஆன்ட்டி திட்டறது நல்லா இருக்கு. அப்படியே விட்டுட்டேன்.”

அன்று எனக்குக் கிடைத்தது இந்த மூன்று பதில்கள்தான். கடைசியில் அவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். அதை இப்போது சொல்ல மாட்டேன். இனி வரும் மனிதர்களையும் வீட்டையும் நானே கட்டினேன். எங்காவது மதில் கோணலாக இருந்தால் கொத்தனார் நான்தான்.

2

தொடக்கம், முதல் வரைவு: “ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், மூடுபனி கவிந்த கோல் நாட்டு ஓக் மரக் காடுகளில், வாளேந்திய வீரர்கள்—”

நிறுத்திவிட்டேன். ஓக் மரத்தை நான் பார்த்ததே இல்லை. காடு என்றால் எனக்கு டெல்லி ரிட்ஜ் மேட்டில் குரங்கு துரத்தியது ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது வரைவு: “ரங்கராஜன் பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்தார்—”

இதுவும் வேண்டாம். டெல்லித் தமிழர் கதையை ஓய்வூதியத்தில் ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்தில் சர்க்கரை வியாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது: “பவுனு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.”

இது நிற்கும். ஒரே ஒரு திருத்தம். ரங்கராஜனுக்கு ‘ர்’ போட்டுவிட்டு பவுனுக்கு ‘ள்’ போட்டிருக்கிறேன். என் கை அவ்வளவு லட்சணம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, நறுக்கிக்கொண்டிருந்தார்.

3

பவுனு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இடம், டெல்லி ஜங்புராவில் அவர் சமையல் வேலை செய்யும் இரண்டாவது மாடி வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரர் ரங்கராஜன், மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் கோப்புகளை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் ஓய்வு பெற்றவர். தமிழ் விழாக்களில் நன்றியுரை சொல்பவர். நன்றியுரை என்பது, சாப்பாட்டு வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கும் கூட்டத்தின் முதுகைப் பார்த்துப் பேசுவது. இருபது வருடமாக அந்த முதுகுகளுக்கு அவர் அடுக்குமொழியில் நன்றி சொல்லி வந்தார். அவர் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அழைப்பிதழின் கடைசி வரி. அதற்குக் கீழே ‘அனைவரும் வருக’ மட்டும் இருக்கும்.

(அவருக்கு மனைவி உண்டு. பெயர் உமாமகேஸ்வரி, கணக்கு டீச்சர். அவரைக் கதை முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தால் இந்த விவகாரத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். எனக்குக் கதை இருக்காது.)

மகன் ப்ரசன்னா ஓக்லாவில் மொபைல் விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவர்கள் விளையாட்டில் நீங்கள் ஏதாவது ஒரு பழைய காலத்து மக்களைத் தேர்ந்தெடுக்கலாம். ரோமானியர், எகிப்தியர், இப்படி. ஊர் கட்டி, விறகு வெட்டி, பயிர் செய்து, பக்கத்து ஊர்க்காரனை உதைக்க வேண்டும். இந்த முறை புதிதாகச் சேர்ந்தவர்கள் கோல் மக்கள், இன்றைய பிரான்ஸ் இருக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள். திரையில் யாரைத் தொட்டாலும் அவர் ஒரு வார்த்தை பேசுவார். தமிழ்ப் பதிப்புக்கு அப்படி எண்பத்திரண்டு வரி வேண்டும். டெல்லியில் பிறந்த ப்ரசன்னாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பாவிடம் கொண்டுவந்தான்.

“கடைசியில பேர் எல்லாம் ஓடும்லப்பா, அதுல உங்க பேர் வரும். ‘தமிழ் வசனம்: ரங்கராஜன்’னு.”

ரங்கராஜன் செய்தித்தாளை மடித்தார். மூன்று மாதத்தில் நாற்பது நாட்டில் வெளிவரப்போகிற ஒன்றில் தன் பெயர். கீழே ‘அனைவரும் வருக’ இல்லாமல். அன்று அவர் இரண்டாவது காபி கேட்க மறந்துபோனார். அந்த வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

ஒரு வாரத்தில் எண்பத்திரண்டு வரியும் தயார். இடது பக்கம் ஓரம் விட்டு, எண் போட்டு, மேலே ‘வரைவு, ஒப்புதலுக்காக’ என்று தலைப்பிட்டு, நாடா கட்டிய கோப்பில். முதல் வரி, விறகு வெட்டுகிறவளுக்கு: “ஆணையிடுங்கள், அரசே! அடியேன் ஆவன செய்யச் சித்தமாயிருக்கிறேன்!”

4

ப்ரசன்னா அதைப் போட்டுக் காட்டியது சமையலறை மேஜையில். கம்பெனியில் யாரோ ஒரு பெண் படித்துக்கொடுத்திருந்தாள்.

“அப்பா, ப்ளீஸ். ஒரு வரிக்கு ஒன்றரை செகண்ட்தான். இது ஆறு செகண்ட் ஓடுது. இவ பேசி முடிக்கறதுக்குள்ள ரோமன்ஸ் வந்து களஞ்சியத்தை எரிச்சுட்டு, சாய் குடிச்சுட்டுப் போயிடுவாங்க.”

“தமிழ் ஒன்றரை விநாடியில அடங்குற மொழியாடா?”

“அதோட இவங்களுக்குப் பெரிய ராஜா கிடையாதுப்பா. ஊருக்கு ஊர் தலைவர்தான். யாரை இவ ‘அரசே’ங்கறா?”

“மரியாதைக்குச் சொல்றா. உங்க கம்பெனியில யாருக்கும் அது தெரிஞ்சிருக்க நியாயமில்லை.”

பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கினார் பவுனு. “யாரு தம்பி அது, இம்மா நேரம் பேசறது?”

“வெறகு வெட்டறவ, ஆன்ட்டி.”

“இவ்ளோ பேசினா எப்ப வெட்டுவா?”

ப்ரசன்னா போனை நீட்டினான். பவுனு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளைத் தொட்டார். “ஆணையிடுங்கள், அரசே—” மறுபடி தொட்டார். “ஆணையிடு—” மறுபடி. “ஆணை—”

“இன்னா சார் இது, எப்ப கூப்ட்டாலும் ஒரே பதிலு? வேல செய்றவ அப்படிச் சொல்ல மாட்டா.”

“பின்னே எப்படிச் சொல்லுவா?” ரங்கராஜன் குரலில் அமைச்சகம் இருந்தது.

“மொத தபா கூப்ட்டா ‘ஆங்’. அவ்ளோதான், காது கேட்டுச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது தபா ‘வரேன்’. மூணாவது தபா ‘வரேன்னு சொன்னேன்ல’. மூணு வூட்ல வேல செய்றேன் சார், மூணு வூட்லயும் இதான்.”

“நாலாவது தடவை?”

“நாலாவது தபா கூப்ட்டா வேற வூடு பாத்துக்குவேன். அச்சா, பருப்பு வெந்துடுச்சு, தாளிக்கவா?”

ப்ரசன்னா தாளிக்க விடவில்லை. “ஆன்ட்டி, ஏக் மினிட். அதையே இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஒன்பது வருடமாகத் தினமும் அந்த ‘ஆங்’கைக் கேட்டவர் ரங்கராஜன். அதில் இப்படி ஒரு நடைமுறை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முப்பத்தாறு வருடம் நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, இறுதி நினைவூட்டல் என்று கடிதம் அனுப்பியவர் அவர். நியாயமாக அவருக்கு முதலில் புரிந்திருக்க வேண்டும்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ரங்கராஜனை உரிக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். ஆடம்பரப் பேச்சுக்காரரை மேடையில் ஏற்றி, வேட்டியை இழுத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவது என் பிழைப்பு. ஆனால் போன பகுதியில் அவருக்கு நடைமுறை புரிந்துவிட்டது. புரிந்துகொள்கிற ஆளை உரிப்பது சிரமம். வேறு கெட்ட குணம் ஏதாவது கொடுக்கலாமா என்று பார்த்தேன். பவுனுக்குத் தனி டம்ளர் வைத்தார் என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த வரியிலேயே உமாமகேஸ்வரி பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிவிடுவார் போலிருந்தது. அடித்துவிட்டேன்.

* கோல் மக்களைப் பற்றி ஒரு குறிப்பு. அவர்களுடைய பூசாரிகள் தங்கள் வித்தையை எழுதிவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்களாம். மனப்பாடம்தான். விளைவு, அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களை ஜெயித்த ரோமானியர் எழுதியது. எழுதத் தெரிந்தவன் எழுதிய இடத்தில்தான் இன்னொருவன் மீசை முறுக்கிக்கொண்டு நிற்க முடிகிறது. நான் ரோமானியன் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பேனா என் கையில் இருக்கிறது, பீன்ஸ் பவுனு கையில்.

6

அடுத்த பத்து நாளில் கோப்பிலிருந்த வரிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

போர்வீரனுக்கு ரங்கராஜன் எழுதியது, “வீணர் படை வீழ்க! வெற்றி நமதே!” பவுனு பீர்க்கங்காய் தோலைச் சீவிக்கொண்டே சொன்னது, “ஏய், யார்றா அது?”

மதில் கட்டுகிறவனுக்கு, “அரண் அமைப்போம், அஞ்சேல்!” பவுனு: “தள்ளி நில்லு, கல்லு விழும்.”

மூலிகை கொடுக்கும் பூசாரிக்கு, “மாமருந்தின் மகிமையால் மீண்டெழுக!” பவுனு ஒரு நொடி யோசித்தார். “கசக்கும். முழுங்கு.”

இதைக் கேட்டு ரங்கராஜன் சிரித்துவிட்டார். காபி வேட்டியில் கொட்டியது. சிரித்த பிறகு எதிர்க்க முடியாது. அது எந்த அலுவலகத்திலும் பொருந்தும். தன் வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் பவுனு சொன்னதை எழுதி, ‘ஏற்கப்பட்டது’ என்று போட்டுத் தேதியோடு சுருக்கொப்பம் வைத்தார். அடிக்கும்போது ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகல் பதினொரு மணிக்கு பவுனு வருகிற நேரம் பார்த்துக் கோப்பை மேஜையில் எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார்.

எண்பத்தொன்று போய்விட்டது. அப்போதுதான் ப்ரசன்னா தயங்கித் தயங்கிச் சொன்னான். “அப்பா, ஒரு விஷயம். உங்க பேர் போடணும்னா ஒரு லைனாவது உங்களுதா இருக்கணும். கம்பெனி ரூல். இப்போதைக்கு ‘தமிழ் வசனம்: பவுனு’ன்னுதான் போகும்.”

“எது மிச்சம்?”

“லாஸ்ட் லைன். ஊர் விழறப்ப. மதில் இடிஞ்சு, எல்லாம் எரிஞ்சு, நீங்க தோத்துட்டீங்கன்னு வரும்ல, அப்ப அந்த வெறகு வெட்டறவ ஒண்ணு சொல்லணும்.”

ரங்கராஜன் அந்த ஒரு வரிக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார். “எரிந்தது எம் ஊர், எரியாது எம் மானம்!” மூன்றரை விநாடி. பாதியை வெட்டினார். “எரியாது எம் மானம்!” மொபைலில் விநாடி எண்ணிப் பார்த்தார். ஒன்றரை. மறுபடி எண்ணினார். ஒன்றரைதான்.

ப்ரசன்னாவே, “நல்லா இருக்குப்பா. நிஜமா” என்றான். அவன் அப்பாவைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. எனக்கும் அது நல்ல வரி என்றுதான் படுகிறது. கேலிக்காகக்கூட மோசமாக்க மனம் வரவில்லை.

7

ஒலிப்பதிவு ஒரு ஏப்ரல் மாதக் காலை, ரங்கராஜன் வீட்டுப் படுக்கையறையில். ஹோலி முடிந்ததும் கட்டிலின் அடிப்பெட்டிக்குள் போயிருந்த கனத்த குளிர்காலப் போர்வைகளான ரஜாய்களையெல்லாம் வெளியே எடுத்து, எதிரொலி வராமலிருக்க நாலு சுவரிலும் தொங்கவிட்டிருந்தான் ப்ரசன்னா. சத்தம் வருமென்று ஏசியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. பாத்திரத்துக்குள் இட்லி வேகிற மாதிரி மூன்று பேரும் வெந்தார்கள்.

ஆண் குரல்களைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்தோணி வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். பெண் குரல் எல்லாம் பவுனு. ஒவ்வொன்றையும் ஒரே தடவையில் முடித்தார். கடைசி வரி வந்தது. ரங்கராஜன் அதை உணர்ச்சியோடு படித்துக் காட்டினார். பவுனு அப்படியே திருப்பிச் சொன்னார், பதிவும் ஆனது. குறை ஒன்றும் இல்லை.

அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இருபது வருடம் நன்றியுரை சொன்னவர் சும்மா எழுந்து போவாரா? “ரொம்ப நன்றி பவுனு. வரி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு சார்.”

“ஆனா?”

“ஆனா ஒண்ணுமில்ல. அப்ப யாரும் அப்படிப் பேச மாட்டாங்க.”

“எப்ப?”

“இடிக்கிறப்ப.”

ரங்கராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாராபுல்லா சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருபத்தேழு வருடம் குடியிருந்தவர் பவுனு. போன வருஷம் ஜூனில் கேம்ப் இடிபட்டது. இப்போது பக்கத்தில் போகல் என்ற இடத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். அந்த ஜூனில் அவர் இரண்டு நாள் மட்டும் லீவு எடுத்தார். மூன்றாம் நாள் வந்து, “ஆங்” என்றார்.

“என்னதான் பேசினாங்க, ஆன்ட்டி?” என்றான் ப்ரசன்னா.

“மொத நாளெல்லாம் கத்தல்தான். கோர்ட்டு, கட்சி, எல்லாரையும் திட்டியாச்சு. அன்னிக்குக் காலைல மிஷின் வந்து நிக்கிது, ஒருத்தரும் பேசல. சாமானத் தூக்கறோம், வெக்கறோம். எதுத்த வூட்டு மஞ்சு தலைல மூட்டையோட ஓடறா. ஓடறவ நின்னு, திரும்பி, என்னைப் பாத்து, ‘யக்கா, உன் குக்கர் மூடி எங்கிட்ட இருக்கு’ன்னா.” பவுனு சிரித்தார். “அவளுக்கு வூடு போவுது, எனக்கும் வூடு போவுது. இவ குக்கர் மூடியச் சொல்றா. எனக்கு அங்கியே சிரிப்பு வந்துடுச்சு சார். அவளும் சிரிச்சா. மிஷின் ஓட்றவன் இதுங்களுக்குக் கழண்டுபோச்சுன்னு பாத்தான்.”

“மூடி வந்துச்சா?”

“வராம? இன்னிக்குக் காலைல சோறு அதுலதான் பொங்கினேன்.”

ரஜாய்களுக்கு நடுவிலேயே ரங்கராஜன் பேனாவைத் திறந்தார். கோப்பில் எண்பத்திரண்டாம் வரிக்கு எதிரே எழுதினார்: ‘யக்கா, குக்கர் மூடி எங்கிட்ட இருக்கு.’ ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் குக்கர் ஏது? குக்கரை அடித்தார். ‘சட்டி’ என்று போட்டார். மொபைலை எடுத்து எண்ணினார்.

“யக்கா, சட்டி மூடி எங்கிட்ட இருக்கு.”

ஒன்றரை விநாடி.

“பவுனு, இதையும் ஒரு தடவை சொல்லும்மா.”

பவுனு சொன்னார். சொல்லி முடித்துச் சிரித்தார். சிரிப்பை மட்டும் ப்ரசன்னா வெட்ட வேண்டியிருந்தது.

8

“டெக்னிக்கலி இது அவங்க லைன்தான்ப்பா” என்றான் ப்ரசன்னா, வயர்களைச் சுருட்டிக்கொண்டே.

“ஒரு சொல் என்னுடையது.”

“ஒரு சொல்லுக்குப் பேர் போடணும்னா அகராதிக்காரன் பேரைத்தான் முதல்ல போடணும்.” பையை மாட்டிக்கொண்டான். “ரெண்டையும் உங்க போன்ல போட்டிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு அனுப்புங்க. எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. நான் சொல்ல மாட்டேன்.”

அவன் ஆபீஸ் போனான். பவுனு அடுத்த வீட்டுக்குப் போனார். போகிற வழியில், “சார், ரசம் மூடி வெச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள சாப்புடுங்க” என்றார். ரங்கராஜன் மின்விசிறியைப் போட்டுவிட்டு ரஜாய்களுக்கு நடுவே உட்கார்ந்தார். போனில் இரண்டு பதிவுகள். ஒன்றில் அவர் பெயர் இருக்கிறது.

முதல் முடிவு: மானத்தை அனுப்புகிறார். நாற்பது நாட்டில் பெயர் ஓடுகிறது. விழாவில் யாரோ மேடையில் அதைச் சொல்ல, முதன்முறையாக அவர் நன்றியுரைக்கு முன்னாலேயே எழுந்து நிற்கிறார். இந்த முடிவில் அவர் சந்தோஷமாக இருக்கிறார். அதற்காக அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கதைக்கு மேலே பெயர் போடுகிறவன்.

இரண்டாவது: சட்டி மூடியை அனுப்புகிறார். கோப்பின் கடைசிப் பக்கத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று சுருக்கொப்பம் வைத்து நாடாவைக் கட்டுகிறார். நாற்பது நாட்டில் பவுனு பெயர் மட்டும் ஓடுகிறது. இந்த முடிவிலும் சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதினேன். அது உண்மையா, அல்லது எனக்கு அப்படி வேண்டியிருக்கிறதா என்று தெரியவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது: கம்பெனி முதலாளி உருகி, இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டு, எல்லோரும் கூடி— வேண்டாம். முதலாளி உருகுகிற இடத்தில் நான் பேனாவை மூடிவிடுவது வழக்கம்.

9

மெட்ரோவில் இன்னொரு கேள்வி கேட்டேன் என்றேனே, அது இதுதான். “ஜி, ஊர் விழுந்தா இவங்க கடைசியா என்ன சொல்வாங்க?”

“தெரியாது ஜி” என்றார் அவர், எழுந்துகொண்டே. “நான் தோத்ததே இல்லை.” லாஜ்பத் நகரில் இறங்கிப் போய்விட்டார்.

ஆகவே எண்பத்திரண்டாவது வரி என்னவென்று எனக்குத் தெரியாது. ரங்கராஜனை நான் கட்டினேன். ஆனால் அந்தக் குரல் நான் கட்டியதில்லை. ஏதோ ஒரு வீட்டில் யாரோ எதையோ முடிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்க வேண்டுமென்றால் கோல் மக்களைத் தேர்ந்தெடுத்துத் தோற்க வேண்டும். வேறு வழியில்லை.

விளையாட்டை என் போனில் இறக்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்றுப் பிற்பகல் ரோமானியர் மதில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் ஊர் விழும், கதைக்கு முடிவு கிடைக்கும். எழுத்தாளனுக்கு இதைவிடச் சுலபமான வேலை வாய்க்காது.

பக்கத்தில் அவள் கோடாலியோடு நின்றுகொண்டிருந்தாள். கை சும்மா இருக்கவில்லை. தொட்டேன்.

“ஆங்.”

மறுபடி தொட்டேன். “வரேன்.”

மதிலில் ஒரு கட்டை சரிந்தது. பதறிப்போய் இன்னொரு தடவை தொட்டுவிட்டேன்.

“வரேன்னு சொன்னேன்ல!”

வந்தாள். இடிந்த இடத்தில் கட்டையை அடுக்கினாள். ரோமானியர் திரும்பிப் போனார்கள். நான் நாலாவது தடவை தொடவில்லை.

உங்களால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமென்றால், நீங்கள் தோற்றுப் பாருங்கள். கடைசியில் அவள் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.